அரைப் பேர்

நூறு வருசம் கழித்து ஓர் ஆய்வாளர் வருவார். வந்தே தீருவார். தமிழுக்கு எந்தப் பஞ்சம் வந்தாலும் ஆய்வாளர் பஞ்சம் வந்ததில்லை. அவர் கையில் ஒரு பழைய நூலகப் பட்டியல் சிக்கும். 'மா' வரிசையில் விரலை வைத்துக்கொண்டு இறங்குவார். மாத்தளை அருணேசர். மாத்தளை கார்த்திகேசு. மாத்தளை சோமு. மாத்தளை வடிவேலன். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆள் ஒருவர்தான், அச்சுக்காரன்தான் வாலை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டுவார்.

அப்புறம் அவருக்கு வியப்புத் தாங்காது. இந்த மாத்தளையார் மேடைக்கு நாடகம் எழுதுகிறார். 'வழிபிறந்தது' என்று நாவல் எழுதுகிறார். 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்று படமும் எடுக்கிறார். 'வல்லமை தாராயோ' என்று சிறுகதைகள் எழுதிய கையோடு மலையகத்துப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி நூல் போடுகிறார். 'அந்த உலகத்தில் இந்த மனிதர்கள்' என்று கதை சொல்லிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்தால் தமிழரின் அறிவியலுக்குள் நிற்கிறார். திருச்சியில் இருக்கிறார். சிட்னியில் இருக்கிறார். 'மாத்தளையார்: ஒருவரா, பலரா?' எண்ணூறு பக்கம். முனைவர் பட்டம்.

அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. அவ்வையாரை நாம் என்ன செய்தோம்? அதியமானின் அவையில் இருந்தவள் ஒருத்தி. ஆத்திசூடி சொன்னவள் பல நூறு வருசம் பிந்திய இன்னொருத்தி. இவர்களையும் இடையில் வந்தவர்களையும் சேர்த்துக் கட்டி ஒரே கிழவியாக்கினோம். கையில் ஒரு கோல். 1953இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாளின் குரல். விஷயம் தீர்ந்தது.

தமிழ்நாட்டில் ரங்கராஜன் என்று இரண்டு பேர் எழுத வந்தார்கள். ஒருவர் ரா. கி. ரங்கராஜன். குழப்பம் வேண்டாம் என்று மற்றவர் மனைவியின் பெயருக்குக் குடிபோனார். சுஜாதா ஆனார். அங்கே பெயர் இடித்தால் விலகிக்கொள்கிறார்கள். இலங்கை மலையகத்து மாத்தளைக்காரர்கள் விலகவில்லை. தேடி வந்து ஒரே பெயருக்குள் புகுந்தார்கள்.

எனக்கு அது தோட்டத்து லயமாகத்தான், வரிசை வீடாகத்தான் தெரிகிறது. நீளமாய் ஒரே தகரக் கூரை. கூரையில் 'மாத்தளை' என்று எழுதியிருக்கிறது. கீழே ஆளுக்கொரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். வடிவேலனும் சோமுவும் மலரன்பனும் சேர்ந்து ஒரே அட்டைக்குள் கதைகளைப் போட்டபோது நடுச்சுவரும் போனது. அந்தத் தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'தோட்டக்காட்டினிலே'. 'தோட்டக்காட்டான்' என்று இந்த மக்கள் மேல் துப்பிய சொல்லை எடுத்துத் துடைத்து, நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். (மலரன்பன் பெயருக்கு முன்னால் சிலர் மாத்தளையைப் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். அவருடைய 'கோடிச்சேலை'க்கு அரசாங்கமே சாகித்தியப் பரிசு கொடுத்தது. அரசாங்கம் வேறென்ன கொடுத்தது என்று கேட்காதீர்கள்.)

ஏன் இப்படி எல்லாரும் ஊர்ப்பெயரைத் தலையில் தூக்கிவைத்தார்கள்? மேடையில் கேட்டால் மண்பற்று என்பார்கள். மண்பற்று! ஒரு பிடி மண் சொந்தமில்லாதவனுக்கு மண்பற்று மட்டும் மலைமலையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

நான் சொல்கிறேன் காரணம். அரசாங்கம் பேர் கொடுக்கவில்லை. அதனால் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே வருசம் முடிவதற்குள் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். இங்கே பிறந்தேன் என்றால் போதாது, தகப்பன் இங்கே பிறந்ததற்கும் கடதாசி கொண்டுவா என்றது சட்டம். தோட்டத்தில் யார் கடதாசி எழுதினார்கள்? கழுத்தில் தகரத் துண்டைக் கட்டி, எண் போட்டு அழைத்துவந்தவர்கள் பிறப்புப் பதிவு செய்யவா மெனக்கெட்டிருப்பார்கள்? மாத்தளை நகரத்துக்குப் பக்கத்தில்தான் அலுவிகாரை இருக்கிறது. வலகம்பா மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் எழுதிய இடம். நூற்றாண்டுக் கணக்காக வாய்மொழியில் வந்ததை எழுத்துக்கு எழுத்து நம்பிய நாடு இது. பெருமையான விஷயம். என் தாத்தா எந்த லயத்தில் பிறந்தார் என்று என் பூட்டி வாய்மொழியாகச் சொன்னதைத்தான் நம்ப முடியவில்லை.

1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000. மனிதர்களில் மீதி வந்த ஒரே கணக்கு உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். அந்த மீதி பத்து வருசம் அப்படியே கிடந்தது. 1974இல் மறுபடி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 75,000 உனக்கு, 75,000 எனக்கு. கறிக்கடையில்கூட எலும்பு யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். கடைசியில் 2003இல் ஒரு சட்டம் வந்து, இனி நீங்கள் எல்லாரும் பிரசைகள்தான் என்றது. ஐம்பத்தைந்து வருசம். இடையில் எத்தனை பேர் நாடில்லாத ஆட்களாகவே செத்தார்கள் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. பேர் இருந்தால்தானே பட்டியல்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் வேறு அர்த்தம் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. அங்கே பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும், 16 என்பார்கள், 18 என்பார்கள், 20 என்பார்கள். மழை பெய்தாலும் அட்டை கடித்தாலும் கொழுந்து இல்லாத மலையாக இருந்தாலும் தராசு தராசுதான். காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, முழு மனுசியாகப் போனவள் சாயங்காலம் அரைப் பேராகத் திரும்பி வருவாள். ஓர் எழுத்தாளன் பேருக்கு முன்னால் ஊரைச் சேர்த்து நீட்டிப் போடுவதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பரம்பரையாகப் பாதிப் பாதியாக வெட்டப்பட்ட பேரை அவன் ஒட்டுப்போட்டு முழுசாக்குகிறான்.

என் சின்னம்மாவின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

சின்னம்மா நாற்பது வருசம் கொழுந்தெடுத்தாள். ஓய்வு வந்தது. சேமலாபக் காசு வரவேண்டும். ஒரு கந்தோருக்குப் போனோம். எந்தக் கந்தோர் என்று கேட்க வேண்டாம். எல்லாக் கந்தோரிலும் அதே மேசை, அதே காற்றாடி, அதே 'நாளைக்கு வாங்க'. சின்னம்மாவுக்குப் பிறப்புப் பத்திரத்தில் மாரியாயி என்று பேர். செக்ரோலில் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை அவசரத்தில் மாரியம்மா என்று எழுதிவிட்டார். அடையாள அட்டை எழுதியவருக்கு இரண்டும் வாயில் நுழையவில்லை. மரியா என்று போட்டுவிட்டார். ஒரு பேனா முனையில் சின்னம்மா மதம் மாறினாள். அவளுக்கே அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

மேசைக்காரர் மூன்று கடதாசியையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

"அம்மா, இதுல மூணு ஆள் இருக்கு."

"நான் ஒருத்திதானுங்க ஐயா."

"அப்ப மத்த ரெண்டு பேரும் எங்க?"

சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருசமாகத் தன்னோடு வேறு யாராவது காம்பராவில் இருந்தார்களோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஒருத்தியே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முடித்தோம். சமாதான நீதவானுக்குக் காசு. டைப் அடித்தவருக்குக் காசு. போக வர பஸ். கொண்டுபோய்க் கொடுத்தால், சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தது யார் என்றார்கள். மாரியாயியா, மாரியம்மாவா, மரியாவா? சின்னம்மா கைநாட்டு வைத்திருந்தாள். பெருவிரலுக்கு ஒரே பேர்தான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நூறு வருசம் கழித்து வரும் ஆய்வாளர் பல மாத்தளைக்காரர்களை ஒருவராக்குவார். கந்தோர் ஒருத்தியை மூன்றாக்கியது. முதல் வேலைக்கு முனைவர் பட்டம். இரண்டாவதற்குப் பென்சன்.

சரி, பேர்தான் இல்லை, விழாவாவது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விழாவுக்கு மட்டும் ஒருநாளும் குறையில்லை.

நண்பர் ஒருவர் நூல் வெளியிட்டார். அவருக்கும் முன்பேர் மாத்தளைதான், பின்பேரை விட்டுவிடுகிறேன். முன்னூறு பிரதி. அச்சுக் கூலிக்கு மனைவியின் காப்பு அடகுக்கடைக்குப் போனது. இலங்கையில் தமிழ் எழுத்தாளனின் பதிப்பகம் பெரும்பாலும் மனைவியின் கையில்தான் இருக்கிறது, வளையல் வடிவில். நான்கு மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ். தலைவர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். அவருக்கு முன்னால் மாலை வந்தது, மாலைக்கு முன்னால் படம் பிடிப்பவர் வந்தார். மங்கள விளக்கை ஏற்ற ஏழு பேர். விளக்குக்கு ஐந்து முகம். கடைசி இருவர் ஏற்கெனவே எரிந்த திரிகளை மறுபடி ஏற்றினார்கள். பொன்னாடைகளை எண்ணினேன். இருபத்துமூன்று. எழுத்தாளருக்கு ஒன்று. மிச்சமெல்லாம் மேடையில் உட்கார்ந்திருந்த தோள்களுக்கு.

தலைவர் பேசினார். "நம்முடைய மாத்தளை அவர்கள்" என்றார். பின்பேர் ஞாபகம் வரவில்லை. உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தளை என்று சொன்னாலே போதும், உலகத்துக்கே தெரியும்" என்று சமாளித்தார். கைதட்டல். பிறகு, தேயிலை மக்களின் கண்ணீரைச் சொல்லும் இந்த அருமையான நாவல் என்றார். அது சிறுகதைத் தொகுதி. முக்கால்வாசிக் கதை மிளகும் கொக்கோவும் நிற்கும் பக்கத்தில் நடக்கிறது. யார் திருத்துவது? அவர் பேசிக்கொண்டே போனார். ஏழு பேர்ச்சஸ் காணி தருவோம் என்றார். பிறகு பத்து பேர்ச்சஸ் என்றார். பின்வரிசையில் ஒரு கிழவர், "பேச்சுலயே மூணு பேர்ச்சு கூடிருச்சு" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அன்றைய கூட்டத்தில் நான் கேட்ட ஒரே இலக்கிய விமர்சனம் அதுதான்.

முதற்பிரதியை வாங்கிக்கொண்டு உறை கொடுத்தார். கூட்டம் கலைந்தபின் திறந்தோம். ஆயிரம் ரூபாய். தோட்டத்து ஆட்கள் ஒரு நாள் சம்பளமாகக் கேட்டு ஐந்தாறு வருசம் வீதியில் நின்று, 2021இல் வர்த்தமானியில் ஏறியதே, அதே ஆயிரம். முதற்பிரதியை அவர் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பர் அதை வேட்டி நுனியால் துடைத்து மறுபடி அடுக்கில் வைத்தார். முன்னூறும் அப்படியே முன்னூறாக இருந்தது.

இதெல்லாம் சில்லறை விழா. மொத்த விழா 2023இல் வந்தது. மலையக மக்கள் வந்து இருநூறு வருசம். அந்த ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து சனங்கள் நடக்கத் தொடங்கினார்கள். பாட்டன் பூட்டன் நடந்த பாதை. கப்பலிலும் தோணியிலும் வந்திறங்கி, காடு பிளந்து, தம்புள்ளை தாண்டி, கொள்ளைநோயில் விழுந்தவனை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. வந்து சேர்ந்தவர்கள் மரத்தடியில் கும்பிட்ட அம்மன்தான் இன்றைக்கு முத்துமாரியம்மன். 1983 ஜூலையில் அந்தக் கோயிலுக்கும் தீ வைத்தார்கள் என்பதை நினைவு மலர்களில் தேடவேண்டாம். ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்தவர்கள் மாத்தளை வந்தார்கள். அவர்கள் கேட்டது காணி, வீடு, சம்பளம், மரியாதை. அந்த நடையைப் பற்றி எனக்கு ஒரு கேலியும் இல்லை. காலில் கொப்புளம் வந்தவர்களைக் கேலி செய்ய நான் அமைச்சர் இல்லை.

அதே ஆகஸ்ட் முடிவதற்குள், அதே மாத்தளை மாவட்டத்தில், ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் கட்டியிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட நிர்வாகத்தார் பிடுங்கி எறிந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான் வெளியே. நாடே காணொளியில் பார்த்தது. இருநூறு வருசத்தின் களைப்பு ஆறுவதற்குள் கூரை போனது. அமைச்சர் வந்தார். கத்தினார். அதுவும் காணொளியில் ஓடியது. குடிசை இடிபட்ட காட்சியைவிட அவர் கத்திய காட்சியைத்தான் ஆட்கள் அதிகம் பகிர்ந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த வருசம் பூராவும் மலர்கள் பூத்தன. செடியில் பூப்பவை அல்ல, அச்சகத்தில் பூப்பவை. நினைவு மலர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல் கனம். வழவழ தாள். முதல் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி. எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு, டை மட்டும் வேறு. எல்லா வாழ்த்திலும் 'முதுகெலும்பு' வருகிறது. இந்த மக்கள் நாட்டின் பொருளாதாரத்துக்கு முதுகெலும்பாம். ஒவ்வொரு மே மாதமும் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மூட்டை ஏற்றுகிறார்கள். மக்களைப் பற்றிய கட்டுரை ஒன்று கடைசியில் இருந்தது. விளம்பரம் இடித்ததால் பாதியில் நின்றுவிட்டது.

இந்தியாவில் அந்த இருநூறுக்கு ஒரு நினைவுத் தபால் முத்திரையும் வெளியிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. லயத்துக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. வீதி இல்லை, இலக்கம் இல்லை. தபால்காரர் லயத்துக்கு வருவதும் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கே எப்போது மனசு வருகிறதோ அப்போது ஆளிடம் வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து வேலை போன பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். விலாசமே இல்லாத சனத்துக்குத் தபால் முத்திரை. மொட்டைத் தலைக்குத் தங்கச் சீப்பு என்பார்களே, அது.

நண்பரின் தொகுதியில் ஒரு கதை என் சின்னம்மாவுடையது. சத்தியக் கடதாசிக் கதைதான். நான் சொல்லி அவர் எழுதினார். அவளுக்குப் படிக்க வராது. பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று ஒரு பிரதியைத் தபாலில் அனுப்ப உட்கார்ந்தோம். பொதியின்மேல் எந்தப் பேரை எழுதுவது? நண்பர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். எழுத்தாளர் இல்லையா, ஒன்றையும் விடக்கூடாது என்று மூன்றையும் எழுதினார். மாரியாயி, மாரியம்மா, மரியா. கீழே தோட்டத்தின் பேர். அதற்குக் கீழே, மாத்தளை.

தோட்டக் கந்தோருக்கும் சின்னம்மாவின் காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு தண்ணீர்ப் பீலிதான். கந்தோர்ச் சன்னலில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். பொதி ஐந்து வாரம் கழித்து நண்பர் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது. குறுக்கே சிவப்பு மையில், நல்ல கையெழுத்தில், ஒரு வரி: 'இந்த மூவரும் இத்தோட்டத்தில் இல்லை.'